மோட்டர்ஹோமும் கப்பல் சீட்டும்: டோவரிலும் கலேயிலும் நாங்கள் பட்டறிந்தவை

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்குப் படகேறுகின்ற எவரும் சீட்டின் நிபந்தனைகளைப் பற்றி யோசிப்பதில்லை. வரிசையில் நின்று, இடம் கிடைத்த படகில் ஏறி, காசைக் கொடுத்துவிட்டு அக்கரையில் இறங்கி விடுகின்றோம். ஒரு படகைத் தவறவிட்டால் அடுத்த படகு இருக்கிறது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் ஓடுகின்ற, "பாதை" என்று நாங்கள் சொல்லும் மிதவையிலும் இதே வழக்கந்தான். மோட்டார் சைக்கிளை உருட்டி ஏற்றிக்கொண்டு நிற்பவரிடம் உமது வண்டியின் நீளம் என்ன, உயரம் என்ன என்று எவரும் கேட்பதில்லை. என் வாழ்நாளின் பெரும்பகுதியில் கடலைக் கடப்பது என்றால் எனக்கு இதுதான். அந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் ஒரு பெரிய வாகனத்தோடு கப்பலேறப் போனதால் என்னென்ன தவறுகள் நேர்ந்தன என்பதையும், அவற்றிலிருந்து எப்படி மீண்டோம் என்பதையும் எழுதி வைக்க விரும்புகிறேன். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடமும் சகோதரர்களிடமும் போகின்ற நம்மவர் பலர் இப்போது இந்த வகைப் பயணத்தில் சேர்ந்துகொள்கின்றார்கள் என்பதால் இது சிலருக்காவது உதவும்.

2024 கோடையில் நான் இங்கிலாந்திலுள்ள என் தம்பியின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனிடம் ஒரு மோட்டர்ஹோம் இருக்கிறது. படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, கழிப்பறை எல்லாம் உள்ளேயே அமைந்த வீட்டு வண்டி. அதில் இங்கிலாந்தின் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸின் கலே துறைமுகத்துக்குக் கப்பலில் கடந்து, பிரான்ஸ், பெல்ஜியம் வழியாக ஜேர்மனியின் ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் தேருக்குப் போவதென்று தீர்மானித்திருந்தோம். 2002 இல் கும்பாபிஷேகம் கண்ட அந்தக் கோயிலின் தேருக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் நம்மவர் வருவார்கள். தம்பி, மச்சாள், பெறாமக்கள் இருவர், நான் என்று ஐந்து பேர்.

சீட்டைத் தம்பி மாதக்கணக்கில் முந்தியே எடுத்துவிட்டான். இந்தக் கப்பல்களில் ஒரே பயணத்துக்குப் பொதுவாக மூன்று வகையான சீட்டுகள் இருக்கின்றன. மிக மலிவானதை மாற்றவும் முடியாது, அதற்கான பணத்தைத் திரும்பப் பெறவும் முடியாது. நடுத்தரமானதை ஒரு கட்டணத்தோடும் அன்றைய விலை வித்தியாசத்தோடும் மாற்றலாம். விலை கூடியதில் குறித்த நாளுக்கு முன்னும் பின்னும் வேறு கப்பல்களில் ஏற இடமுண்டு. சிலவற்றில் பணமும் திரும்பக் கிடைக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் பெயர்களும் எல்லைகளும் வேறுபடுவதால் "நெகிழ்வான சீட்டு" என்ற சொல்லை மட்டும் நம்பிப் பணம் கட்டக்கூடாது. எத்தனை நாள் முன்பின் போகலாம், மாற்றத்தை எந்த நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், மாற்றும்போது விலை வித்தியாசமும் அறவிடப்படுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் நிபந்தனைப் பக்கத்தில் விடை தேடிப் படித்துவிட்டே சீட்டெடுக்க வேண்டும். தம்பி போவதற்கு மிக மலிவானதையும், மச்சாள் வற்புறுத்தியதால் திரும்பி வருவதற்கு நடுத்தரமானதையும் எடுத்திருந்தான். அந்த வற்புறுத்தல் பின்னர் எங்களைக் காப்பாற்றியது.

டோவரில் எங்களுக்கு நேர்ந்த முதல் இடைஞ்சலுக்குக் காரணம் நேரமன்று, நீளம். பதிவு செய்யும்போது தம்பி வாகனத்தின் விபரப் புத்தகத்திலிருந்த 6.99 மீற்றரை அப்படியே எழுதியிருந்தான். புறப்படுவதற்கு முதல்நாள் பிள்ளைகளின் சைக்கிள்களுக்காகப் பின்புறத்தில் ஒரு தாங்கியைப் பூட்டினோம். அதனால் சீட்டுக்கு என்ன ஆகும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பதிவுக்கூண்டில் இருந்த பெண் எங்களுடைய எண்தகட்டைப் பார்த்தார், கண்ணாடியில் பின்புறத்தைப் பார்த்தார், பிறகு மிக மரியாதையாகவே, இந்த வாகனம் 7 மீற்றருக்கு மேற்பட்டது, இந்தக் கப்பலில் அந்த நீளத்துக்கு இடம் முடிந்துவிட்டது என்றார். நீள வித்தியாசத்தை அன்றைய விலைப்படி கட்டி, மூன்றரை மணிநேரம் காத்திருந்து, இடமிருந்த இன்னொரு கப்பலில் ஏறினோம். மாற்ற முடியாத சீட்டை அவர் அந்த அளவுக்காவது மாற்றித் தந்தது அவருடைய நல்ல மனத்தால். அதைக் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கவில்லை.

காத்திருந்த நேரத்தில் நான் கவனித்ததுதான் இந்த விடயத்தின் மையம் என்று இன்றும் கருதுகிறேன். எங்களுக்குப் பின்னால் பிந்தி வந்த இரண்டு கார்கள் அடுத்த கப்பலிலேயே ஏறிப் போயின. அவை உயரம் குறைந்தவை என்பதால் கார்களுக்கென இருக்கின்ற தாழ்வான தட்டில் செருகிவிட முடிந்தது. மோட்டர்ஹோமோ மூன்று மீற்றர் உயரத்தில் நிற்பது. அது லொறிகளும் பஸ்களும் நிற்கின்ற உயரமான தட்டில்தான் நிற்க வேண்டும். அந்தத் தட்டின் இடம் சரக்கு லொறிகளுக்கு முன்கூட்டியே பெரும்பாலும் போய்விடுகிறது. ஆகவே நெகிழ்வான சீட்டின் நிபந்தனையில் "இடம் இருந்தால்" என்று எழுதப்பட்டிருக்கும் இரண்டு சொற்களுக்குக் கார்க்காரருக்கு ஒரு பொருள், மோட்டர்ஹோம்காரருக்கு இன்னொரு பொருள். கார் வைத்திருக்கும் நண்பர் ஒருவர், நெகிழ்வான சீட்டு இருந்தால் எந்தக் கப்பலிலும் ஏறலாம் என்று சொன்னால், அவருடைய அனுபவம் உண்மையானதுதான். ஆனால் அது நமக்குப் பொருந்தாது. பாடசாலை விடுமுறைக் காலத்துச் சனிக்கிழமைகளில் இந்த வேறுபாடு மிகக் கடுமையாகத் தெரியும்.

கலேயை அடைந்தபோது இருட்டிவிட்டது. மறுநாட் காலை, தங்கியிருந்த தரிப்பிடத்தில் முதல் வேலையாக வாகனத்தைச் சரியாக அளந்தோம். ஊரில் மேசன்மார் சுவரின் நேரைப் பார்க்கத் தூக்குக்குண்டு விடுவதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவன் நான். நூலொன்றின் நுனியில் திறப்பைக் கட்டி, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த சைக்கிள் சில்லின் வெளி விளிம்பிலிருந்து தொங்கவிட்டேன். திறப்பு ஆடி அடங்கிய இடத்தில் பெறாமகன் சோக்கட்டியால் நிலத்தில் ஒரு கோடு கீறினான். முன் பம்பரின் முனையிலிருந்தும் அவ்வாறே ஒரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையில் நாடாவைப் பிடித்தபோது 7 மீற்றர் 68 சென்ரிமீற்றர். விபரப் புத்தகத்தைவிட 69 சென்ரிமீற்றர் கூட. உயரத்துக்கு, கூரையிலிருந்த அலைவாங்கித் தட்டின் மேல் தும்புத்தடியைக் கிடையாக வைத்து, அதன் மறு நுனியிலிருந்து நூலைவிட்டுப் பார்த்ததில் 3 மீற்றர் 12. சைக்கிள் தாங்கி, கூரைப் பெட்டி, பின்கொக்கி என்று வாகனத்தோடு சேர்ந்து வரும் அனைத்தும் அளவில் சேரும். அளக்காமல் சீட்டெடுப்பவர், எவ்வளவு விலை கொடுத்து நெகிழ்வை வாங்கினாலும், துறைமுகத்தில் அதைப் பயன்படுத்த முடியாமல் நிற்க நேரிடும்.

இனி விசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரித்தானியக் கடவுச்சீட்டோ ஐரோப்பியக் கடவுச்சீட்டோ வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இராது. அவர்களோடு போகின்ற இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கப்பல் சீட்டின் நெகிழ்வு விசா நிற்கும் இடத்தில் நின்றுவிடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு நான், இங்கிலாந்துக்குப் புறப்படுவதற்கு முன்னரே கொழும்பில் விண்ணப்பித்திருந்தேன்; கூடுதலான நாள்கள் ஜேர்மனியில் என்பதால் விண்ணப்பமும் ஜேர்மனிக்கே. விசா ஒட்டியில் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை அது செல்லும் என்பது. மற்றது, அந்தக் காலத்துக்குள் எத்தனை நாள் தங்கலாம் என்பது. செல்லுபடிக் காலத்தில் வழமையாகப் பதினைந்து நாள் மேலதிகமாகச் சேர்க்கப்படுவதால், கடைசித் திகதியைப் பார்த்துவிட்டு இன்னும் நாளிருக்கிறதே என்று ஏமாந்து போகலாம். நம்மைக் கட்டுப்படுத்துவது தங்கும் நாள்களின் எண்ணிக்கை. உள்ளே நுழைந்த நாளும் வெளியேறும் நாளும் அதில் அடங்கும். எனக்கு 14 நாள் தரப்பட்டிருந்தது. எங்கள் திட்டம் 11 நாளில் முடிவது. அந்த மூன்று நாளைக் கூட்டிக் கேட்கும்படியும், பயணக் காப்புறுதியை அதற்கேற்ப எடுக்கும்படியும் மச்சாள்தான் தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

விசா கையில் வரும் முன்னர் மாற்ற முடியாத சீட்டை எனக்கும் சேர்த்து எடுத்தது தம்பி செய்த தவறு என்பது என் கருத்து. விசா கிடைத்தது, ஆனால் கிடைக்காமலும் போயிருக்கலாம். வாகனத்துக்கான கட்டணத்தில் பயணிகளும் அடங்குவதால் ஒருவர் வராவிட்டால் பெரிய நட்டம் இல்லை என்று அவன் சொன்னது சரிதான். ஆயினும் விசா பிந்திக் கிடைத்து, நாள் தள்ளிப்போயிருந்தால் ஐந்து பேரின் சீட்டும் வீணாகியிருக்கும்.

ஹம்மில் தேர் நன்றாக நடந்தது. வெயிலில் தேங்காய்கள் உடைபட, காவடிகள் ஆட, நல்லூர் வீதியில் நிற்பது போலவே இருந்தது. அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இங்கே பயணத்தை மட்டும் சொல்கிறேன்.

திரும்பும் வழியில், பத்தாவது நாள் வெள்ளிக்கிழமை பிற்பகல், பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்கு அண்மையில் நெடுஞ்சாலையில் கிளச் போய்விட்டது. வாகனத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு போன கராஜில், மாற்று உறுப்பு திங்கட்கிழமைதான் வரும் என்றார்கள். எங்களுடைய கப்பல் சனிக்கிழமை நண்பகல். கராஜ் முற்றத்தில், வண்டிக்குள்ளேயே இருந்தபடி நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "திங்கட்கிழமை அவன் என்ன சொல்லுறான் எண்டு பாப்பம் அண்ணை, பிறகு மாத்துவம்" என்றான் தம்பி. "கப்பல் வெளிக்கிட்டாப் பிறகு மாத்தேலாதப்பா. இப்பவே எடுத்துக் கதையுங்கோ" என்றார் மச்சாள்.

மச்சாள் சொன்னதுதான் சரி. நடுத்தரச் சீட்டின் நெகிழ்வு, குறித்த கப்பல் துறைமுகத்தை விட்டுப் புறப்படும் வரைதான் உயிரோடு இருக்கும். அதற்குப் பிறகு நாம் வராத பயணிகள். சீட்டின் முழுப் பெறுமதியும் போய்விடும். எந்த நாளுக்கு மாற்றுவது என்று தெரியாவிட்டாலும், மாற்றத்தை மட்டும் கப்பல் புறப்பட முன்னரே செய்துவிட வேண்டும். வெள்ளி மாலையே தொலைபேசியில் எடுத்து, எனது விசாவின் பதினான்காவது நாளான செவ்வாய்க்கிழமை மாலைக் கப்பலுக்கு மாற்றினோம். திங்கள் இரவுக்கு மாற்றினால் என்ன என்று நான் கேட்டேன். உறுப்பு பிந்தினால் இன்னொரு தடவை மாற்ற வேண்டும், ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் என்று மச்சாள் விளக்கினார். இயன்றளவு பிந்திய நாளுக்கு ஒரே தடவையில் மாற்றுவது, சிறு சிறு மாற்றங்களைவிட மலிவு. அதே அழைப்பில் நாங்கள் அளந்த 7.68 மீற்றரையும் சொல்லித் திருத்திக்கொண்டோம். மாற்றக் கட்டணம் 15 பவுண், நீளத்துக்கும் நாளுக்குமான விலை வித்தியாசம் 72 பவுண். செவ்வாய் பகற் கப்பல்கள் இரண்டில் எங்கள் நீளத்துக்கு இடமில்லை என்று அப்போதே சொன்னார்கள். சரியான அளவைச் சொல்லாமல் விட்டிருந்தால் அதைக் கலேயில் போய்த்தான் அறிந்திருப்போம், அன்றோ எனக்குக் கடைசி நாள்.

திங்கள் மாலை கிளச் பூட்டி முடிந்தது. செவ்வாய் காலையில் புறப்பட்டு, நேரத்துக்கு முன்னரே கலே துறைமுகத்தை அடைந்தோம். அங்கே ஒரு ஒழுங்கு இருக்கிறது, அதை முன்னர் அறிந்திருந்தால் நான் அவ்வளவு பதறியிருக்க மாட்டேன். கப்பல் ஏறுவதற்கு முன்னரே, கலே துறைமுகத்துக்குள்ளேயே, பிரெஞ்சு எல்லைப் பொலிஸாரும் பிரித்தானிய அதிகாரிகளும் அடுத்தடுத்துக் கடவுச்சீட்டைப் பார்த்துவிடுகின்றார்கள். டோவரிலும் பிரெஞ்சுச் சோதனை கப்பலேறும் முன்னரே நடந்துவிடும். துறைமுகத்துக்கு ஒன்றரை மணிநேரம் முந்தி வரச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆகவே என் கடவுச்சீட்டில் வெளியேறும் முத்திரை விழுந்தபோது பின்னேரம் ஐந்து மணியும் ஆகவில்லை. 2025 ஒக்ரோபர் 12 இலிருந்து இந்த முத்திரைக்குப் பதிலாக முகப்படத்தையும் கைவிரல் அடையாளத்தையும் பதியும் புதிய முறையைப் படிப்படியாகக் கொண்டுவந்திருக்கின்றார்கள். தங்கிய நாள்களைக் கணினியே எண்ணிவிடும் என்பதால் ஒரு நாள் கூடினாலும் மறையாது. பிரித்தானியாவுக்குள் மீண்டும் நுழைவதற்கு, அந்நாட்டின் வருகை விசா பொதுவாக அதன் காலத்துக்குள் பல தடவை நுழைய இடமளிப்பதால், எனக்குத் தடை இருக்கவில்லை.

முத்திரை விழுந்த சிறிது நேரத்தில் காற்று எழுந்தது. 18.40 க்குப் புறப்பட வேண்டிய கப்பல் பிந்தும் என்று பலகையில் காட்டினார்கள். கப்பலுக்குள் போகும்போது காஸ் சிலிண்டரின் வால்வைப் பூட்டிவிட வேண்டும், கடலில் ஓடும்போது வாகனத் தட்டில் எவரும் இருக்கவும் முடியாது. ஆகவே வரிசையில் நின்றபடியே மச்சாள் அடுப்பை மூட்டி எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, வால்வைப் பூட்டியதை என்னையும் ஒரு தடவை தொட்டுப் பார்க்கச் சொன்னார். கப்பல் வெளிக்கிட ஒன்பது மணியாகிவிட்டது.

அந்தக் காத்திருப்பில் உணவுக்கான சீட்டுகளைத் தந்தார்கள். அது கருணையால் தந்ததன்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1177/2010 என்ற ஒழுங்குவிதியின்படி, புறப்பாடு 90 நிமிடத்துக்கு மேல் பிந்தினால் பயணிகளுக்கு, கிடைக்கக்கூடியதாக இருந்தால், உணவும் பானமும் தர வேண்டும். இரத்தானாலோ 90 நிமிடத்துக்கு மேல் பிந்தினாலோ மேலதிகக் கட்டணமின்றி மாற்றுப் பயணத்தையோ பணத்தையோ தெரிவு செய்யும் உரிமை பயணிக்கு உண்டு. மிக மலிவான சீட்டுக்கும் இது பொருந்தும். நாமாகக் காலத்தை மாற்றுவதற்குத்தான் நெகிழ்வான சீட்டு வேண்டும், கப்பல் நிறுவனம் காலத்தை மாற்றும்போது வேண்டியதில்லை. நான்கு மணிநேரத்துக்குட்பட்ட பயணத்தில் போய்ச் சேர ஒரு மணிநேரம் பிந்தினால் சீட்டு விலையில் 25 சதவீதமும், இரண்டு மணிநேரத்துக்கு மேலாயின் 50 சதவீதமும் இழப்பீடாகக் கேட்கலாம். ஆனால் பாதுகாப்பாகக் கப்பலைச் செலுத்த முடியாத காலநிலை காரணமென்றால் இந்த இழப்பீடு இல்லை. எங்களுக்கும் காற்றே காரணம் என்பதால் நாங்கள் கேட்கவில்லை.

அந்த ஒழுங்குவிதியில் மோட்டர்ஹோம்காரர் கவனிக்க வேண்டிய இன்னொரு பிரிவு இருக்கிறது. நாளும் நேரமும் குறிக்காத திறந்த சீட்டை வைத்திருப்பவருக்கு, நேரம் குறிக்கப்படும் வரை மேற்சொன்ன மாற்றுப் பயணம், உணவு, இழப்பீடு எதுவும் இல்லை. நினைத்த நேரத்தில் ஏறலாம் என்ற விருப்பத்தில் திறந்த சீட்டை வாங்குபவர், இந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்தே வாங்குகின்றார். நேரம் குறிக்கப்பட்ட, ஆனால் மாற்றக்கூடிய சீட்டே எங்களைப் போன்றவர்களுக்கு உகந்தது என்ற முடிவுக்கு நான் வந்தது இதனாலும்தான்.

போவதும் வருவதுமாக இரண்டையும் ஒரே வகையில் எடுக்கத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து புறப்படும்போது வாகனம் நல்ல நிலையில் இருக்கும், நாள் நம் கையில் இருக்கும். திரும்பும்போது பழுது, காய்ச்சல், நெரிசல், விசா எல்லாம் ஒன்றுசேரும். நெகிழ்வுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரும்பும் வழியில் செலவிடுவதே பயன் தரும். வாடகைக்கு மோட்டர்ஹோம் எடுப்பவர்கள், கப்பல் நாளை மாற்றினால் வாகனத்தை ஒப்படைக்கும் நாளும் மாறும் என்பதை வாடகைக்காரரிடம் முன்கூட்டியே பேசிவைக்க வேண்டும். பிரித்தானியாவில் வாடகை வாகனத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக வி.ஈ. 103 என்ற பத்திரமும் தேவை. வாகனம் வெளிநாட்டில் நிற்கும் காலத்துக்குரிய காப்புறுதியும் புதிய நாள்களை உள்ளடக்க வேண்டும்.

எல்லாக் கப்பல்களும் டோவர் கப்பல் போன்றவையல்ல. அண்மையில் எங்கள் அயலில் உள்ள அக்கா ஒருவர் நோர்வேயிலுள்ள மகளிடம் போவதாகவும், அவர்களும் ஒரு காம்பர் வான் வாங்கியிருப்பதாகவும் சொன்னார். டென்மார்க்கின் ஹிர்ட்ஸ்ஹால்ஸிலிருந்து கிறிஸ்தியான்சான் போகின்ற கப்பலுக்கு நாளும் நீளமும் சொல்லிப் பதிய வேண்டும் என்றும், நோர்வேக்குள்ளே கடற்கழிகளைக் கடக்கின்ற சிறு கப்பல்கள் பெரும்பாலானவற்றுக்குப் பதிவே தேவையில்லை, வரிசையில் நின்று ஏறிவிடலாம் என்றும் அவருக்குச் சொன்னேன். எங்கட ஊர்காவற்றுறைப் பாதை மாதிரி என்றதும் அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் அங்கேயும் வண்டியின் நீளத்தைப் பார்த்துத்தான் காசு எடுப்பார்கள் என்றேன். அன்று பின்னேரமே மகளுக்குத் தொலைபேசி எடுத்து, பின்னால் சைக்கிள் ஏதாவது கட்டியிருக்கிறதா என்று கேட்டாராம்.